நேர்காணலுக்கு முந்தைய இரவு: "நீங்களே ரத்து செய்துவிடுங்கள்" என்றால் செய்யாதீர்கள்

பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை நேர்காணலுக்காக வெளியூரில் ஓர் இரவு தங்கப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அறை எடுங்கள். முழுப் பணமும் கட்டி, உறுதிச்சீட்டோடு போய் நின்ற எங்களை இரவு ஒன்பது மணிக்கு மேல் வேறு இடத்துக்கு விரட்டினார்கள். அதைவிட மோசம், அந்தப் பழியையும் எங்கள் தலையிலேயே கட்டப் பார்த்தார்கள். விடுதியின் பெயரை எழுதவில்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு விடுதி மட்டும் அல்ல. வழிமுறை தெரிந்துவிட்டால் எங்கே நடந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், அங்கிருந்து பள்ளிக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான். காலை முதல் அழைப்பே எங்களுடையது. அன்று மதியமே விடுதிக்குப் பேசி, வந்து சேர இரவாகும் என்று சொல்லியிருந்தேன். "தாராளமாக வாருங்கள் சார், அறை தயாராக இருக்கிறது" என்றார்கள்.

போய்ப் பெயரைச் சொன்னதும், வரவேற்பு மேசையில் இருந்தவர் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள் அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது சார்" என்றார். பக்கத்திலேயே அவர்களுடைய இன்னொரு கட்டடம் இருக்கிறதாம், பத்தே நிமிடமாம், இதைவிட நல்ல அறையாம். என் மகள் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சற்று முன் வந்திருந்த இன்னொரு குடும்பத்துக்கும் அதே குழாய்க் கதைதான். ஒரே இரவில் எத்தனை அறைகளில் குழாய் உடையும்?

அடுத்து அவர் சொன்னதுதான் உண்மையான பொறி. "செயலியில் இந்த முன்பதிவை நீங்களே ரத்து செய்துவிடுங்கள் சார். அங்கே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும்."

வராது. வந்து சேரும் நாளில் விருந்தினர் தாமாக ரத்து செய்தால், பெரும்பாலான முன்பதிவுகளில் முழுத் தொகையும் ரத்துக் கட்டணமாகவே போய்விடும். விடுதியால் அறை தர முடியவில்லை என்று பதிவானால்தான் பொறுப்பு விடுதியின் மேல் விழும். அதனால்தான் அந்தப் பொத்தானை நம் விரலால் அழுத்த வைக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பதிவு செய்த எல்லோரும் வந்து சேர மாட்டார்கள் என்பதால், இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக விற்பது விடுதித் தொழிலில் பழைய வழக்கம். எல்லோரும் வந்துவிட்டால் யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். அப்போது ஓர் இரவு மட்டும் தங்குபவர்கள், விடுதியிடம் நேராகப் பதியாமல் முன்பதிவுத் தளம் வழியாகப் பதிந்தவர்கள், நேரம் கழித்து வருபவர்கள் ஆகியோர்தான் முதலில் சிக்குகிறார்கள். நேர்காணலுக்கு வரும் பெற்றோரில் பலருக்கு இந்த மூன்றுமே பொருந்தும். நேர்மையான விடுதி என்றால் தன் செலவில் வேறு நல்ல அறை பிடித்து, வண்டியும் வைத்து அனுப்பும். இவர்கள் இரண்டாவது கட்டடத்துக்கும் தனியாகப் பணம் கேட்டார்கள்.

நான் ரத்து செய்ய மறுத்தேன். அந்த மேசையின் முன் நின்றபடியே முன்பதிவுத் தளத்தின் உதவி எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அறை மறுக்கப்படுவதைச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொண்டேன். மேசையையும் அதன் பின்னால் இருந்த கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அந்த இன்னொரு தந்தை அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார். படம் எடுப்பதைப் பார்த்ததும் மேலாளர் வெளியே வந்தார். "ஒரு இரவுதானே சார், எதற்கு இவ்வளவு கோபம்?" என்றார்.

அந்த ஒரு இரவுக்காகத்தான் பணம் கட்டியிருந்தோம். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட பரிந்துரை. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் காப்பதுபோல விழிப்பாகவே இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே ஆண்டில் எழுதினார்கள். பெரியவர்களிடம் செய்த ஆய்வு அது. ஆக, எல்லாம் சரியாக நடந்தாலே புது அறையில் தூக்கம் அரைகுறைதான். அதையும் பறித்துவிட்டு "ஒரு இரவுதானே" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

அந்த நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? பத்து நிமிடம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. அறைக்கு நேர் கீழே விருந்து மண்டபம். தாள ஓசை தரை வழியாக ஏறிக் கட்டிலின் சட்டம் வரை அதிர்ந்தது. மகள் தலையணையைக் காதின் மேல் அழுத்திக்கொண்டு, "எப்போது அப்பா நிறுத்துவார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், ஆனால் கண் சிவந்து, கேட்ட கேள்வியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித்தான் பதில் சொன்னாள். வீட்டில் மடமடவென்று சொல்லும் பிள்ளை. எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். எங்கள் முன்பதிவில் "விருந்தினர் வரவில்லை" என்று குறித்து முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். புகார் எண்ணும் கடிகாரப் படமும் இருந்ததால், பல கடிதங்களுக்குப் பிறகு முதல் அறையின் பணம் திரும்பியது. ரத்து செய்த அந்தத் தந்தைக்கு, "தாங்களே ரத்து செய்துள்ளீர்கள்" என்ற ஒற்றை வரிதான் பதில்.

அறை தேடும்போது மதிப்பெண் சராசரியைப் பார்க்காதீர்கள். குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களின் கருத்துகளைப் புதியது முதலாகப் படியுங்கள். "வேறு கட்டடம்", "மாற்றிவிட்டார்கள்" என்ற சொற்கள் தென்பட்டால் விலகிவிடுங்கள். தளங்கள் காட்டும் தூரம் பல நேரங்களில் நேர்கோட்டுத் தூரம். சாலை வழியை வரைபடத்தில் தனியாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். சில உறைவிடப் பள்ளிகளில் விருந்தினர் அறையே உண்டு. இல்லாவிட்டாலும் பெற்றோர் வழக்கமாக எங்கே தங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடன் அட்டையில் கட்டியிருந்தால், தராத சேவைக்குப் பணம் பிடித்ததாக வங்கியிடமும் முறையிடலாம். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆதாரங்களோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.