கட்டியைச் சோதிப்பதா, இரத்தத்தைச் சோதிப்பதா? அரிய சிறுநீரகப் புற்றுநோயில் எங்கள் குடும்பம் எடுத்த முடிவு

தம்பியின் இடது சிறுநீரகத்தை எடுத்து மூன்று கிழமை கழித்து நோயியல் அறிக்கை வந்தது. பபிலரி வகைப் புற்றுநோய் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அவனுக்கு 36 வயது, புகைப்பதில்லை, குடிப்பதில்லை. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ரீச்சர், உங்கள் வீட்டில் யாருக்காவது இளவயதில் கருப்பைக் கட்டி வந்ததா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 31 வயதில் நார்க்கட்டிகளுக்காகக் கருப்பையையே எடுத்தார்கள். எனக்கு 29 வயதில் அதே கட்டிகள். என் தோளில் கொத்தாகச் சில முடிச்சுகள் உண்டு; குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று வலிக்கும். அதையும் சொன்னேன். மூன்று பேரின் மூன்று வருத்தங்கள் என்று நாங்கள் நினைத்திருந்தவற்றை அவர் ஒரே நோயாகப் பார்த்தார்.

எஃப்எச் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மரபணு, ஃபியூமரேட் ஹைட்ரேற்றேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அது பழுதடைந்தால் தோலிலும் கருப்பையிலும் தசைக் கட்டிகள் வரலாம். சிலருக்குச் சிறுநீரகத்தில் மிக வேகமாகப் பரவும் புற்றுநோயும் வரலாம். இந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்குமுள்ள தொடர்பு 2002 இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய் தந்தையரில் ஒருவரிடம் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி.

உறுதிப்படுத்த இரண்டு வழிகள் இருந்தன. எடுத்த கட்டியின் இழையத்தைச் சோதிக்கலாம். அல்லது தம்பியின் இரத்தத்தில், பிறப்போடு வந்த மரபணுவைச் சோதிக்கலாம். இரண்டையும் முழுமையாகச் செய்ய எங்களிடம் பணம் இருக்கவில்லை. நாங்கள் இரத்தப் பரிசோதனையைத் தெரிந்தெடுத்தோம். இன்று மறுபடி கேட்டாலும் அதையே எடுப்பேன்.

இழையப் பரிசோதனையின் நன்மைகள் வெளிப்படையானவை. வைத்தியசாலையில் மெழுகில் பதித்து வைத்த துண்டு ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கி அனுப்பினால் போதும். எஃப்எச் புரதம் கட்டியில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் சாயச் சோதனை மலிவானது. அதை எல்லோரும் முதலில் செய்துகொள்ள வேண்டும், நாங்களும் செய்தோம். ஆனால் சில வகை மரபணுப் பழுதுகளில் புரதம் வேலை செய்யாமலே கட்டியில் தங்கியிருக்கும்; அப்போது சாயம் பழுது ஒன்றுமில்லை என்று காட்டிவிடும். 2எஸ்சி என்ற இன்னொரு சாயம் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

அதற்கு அடுத்த படி, கட்டியின் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் வாசிப்பது. ஒரு தனியார் ஆய்வகத்தின் முகவர் எங்களிடம் இதைத்தான் வலியுறுத்தினார். விலை இரத்தப் பரிசோதனையைப் போலப் பல மடங்கு. அந்தப் பழுது பிறவியிலேயே வந்ததா, கட்டியில் மட்டும் பின்னால் உண்டானதா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அதன் விடை எனக்கு வேறிடத்தில் கிடைத்தது: கட்டியை மட்டும் வாசித்து அதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, இறுதியில் இரத்தத்துக்குத்தான் வரவேண்டும். நோயாளி ஒருவர், உடன்பிறப்பு இல்லை, பிள்ளை இல்லை என்றால் இந்த வேறுபாடு பெரிதல்ல. எங்கள் வீட்டில் அம்மாவின் பிள்ளைகள் மூன்று பேர், எங்களுக்குப் பிள்ளைகள் நான்கு பேர்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இதைத்தான்: முடிவு கைக்கு வந்த பிறகு அதை எத்தனை பேர், எத்தனை வருடம் பயன்படுத்தப்போகிறார்கள்?

இந்த மரபணுப் பழுது உள்ளவர்கள் 8 முதல் 10 வயதிலிருந்து வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு ஒரு தடவை சிறுநீரகத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் பரிந்துரை. சாதாரண ஸ்கான், அதாவது அல்ட்ராசவுண்ட், போதாதா என்று எங்கள் மாமா கேட்டார். யாழ்ப்பாணத்தில் அதை எடுக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை, எம்ஆர்ஐ அப்படியல்ல. ஆனால் இந்தக் கட்டிகள் சுற்றியுள்ள இழையத்தைப் போலவே அல்ட்ராசவுண்டில் தெரிந்து ஒளிந்துகொள்ளக்கூடியவை. மற்றப் பரம்பரைச் சிறுநீரகக் கட்டிகள் சிலவற்றில், உதாரணமாக வொன் ஹிப்பெல்-லிண்டாவ் நோயில், கட்டி 3 சென்ரிமீற்றர் ஆகும்வரை கண்காணித்திருப்பது வழக்கம். எஃப்எச் கட்டியில் காத்திருக்கக் கூடாது; அதைவிடச் சிறிதாக இருக்கும்போதே பரவிவிடக்கூடியது. கண்டவுடன், சுற்றிலும் அகலமாக விட்டு வெட்டி எடுக்க வேண்டும்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரத்த முடிவு இல்லாவிட்டால் நானும் தங்கையும் நான்கு பிள்ளைகளும் சந்தேகத்தின் பேரில் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது செலவுக்குப் பயந்து ஒருவருமே எடுக்காமல் விட்டுவிடுவோம். நம்மூரில் இரண்டாவதுதான் நடக்கும். தம்பியின் இரத்தத்தில் பழுது மரபணுவின் எந்த எழுத்தில் என்று துல்லியமாகத் தெரிந்த பிறகு, மற்றவர்களிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அதற்கான கட்டணம் முழுப் பரிசோதனையில் ஒரு சிறு பங்குதான். தங்கைக்கு இல்லை என்று வந்தது. அவளிடம் இல்லாததால் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சோதனையே தேவையில்லை. ஒரே காகிதத்தில் மூன்று பேர் வாழ்நாள் முழுவதும் விடுபட்டார்கள். எனக்கு இருக்கிறது என்று வந்தது. முதல் எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தது. இனி ஒவ்வொரு வருடமும் எடுப்பேன்.

அந்தக் காகிதம் கடலும் தாண்டுகிறது. அம்மாவின் தம்பி ஒருவர் கனடாவில், பெரியம்மாவின் பிள்ளைகள் லண்டனில். அறிக்கையின் பிரதியை அனுப்பினேன். அங்குள்ள மரபியல் கிளினிக் அந்த இடத்தை மட்டும் தேடும். ஆகவே அறிக்கையில் மரபணுப் பழுதின் முழுக் குறியீடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "பழுது உண்டு" என்ற ஒற்றை வரி உறவினருக்கு உதவாது.

கலியாணப் பேச்சையும் சொல்லத்தான் வேண்டும். பெண் பிள்ளை உள்ள வீட்டில் மரபணு என்ற சொல்லே வெளியில் போகக் கூடாது என்று மாமி என்னிடம் கெஞ்சினார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்களுக்குள் மச்சான் மச்சாளைக் கட்டுவது இன்றும் நடக்கிறது. இருவரிடமும் இதே பழுது இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு ஃபியூமரேஸ் குறைபாடு வரும். மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் நோய் அது. கட்டியை எவ்வளவு ஆழமாக வாசித்தாலும், இந்தக் கேள்விக்கு உரிய விடை மணமக்களின் இரத்தத்தில்தான் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனையிலும் இரண்டு தெரிவுகள்: எஃப்எச்சை மட்டும் பார்ப்பது, அல்லது சிறுநீரகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்ப்பது. குடும்பக் கதை எங்களுடையதுபோல் தெளிவாக இருந்தால் முதலாவது போதும். இல்லாவிட்டால் இரண்டாவது நல்லது. எதை எடுத்தாலும், மரபணுவின் பெரிய துண்டு காணாமற் போயிருப்பதையும் அந்தச் சோதனை கண்டுபிடிக்குமா என்று கேளுங்கள். பல மரபணுக்களைப் பார்க்கும்போது "பொருள் நிச்சயமில்லாத மாற்றம்", அதாவது நோயை உண்டாக்குமா இல்லையா என்று தெரியாத மாற்றம், என்ற பதில் வருவதும் கூடும். உலகத் தரவுகளில் ஐரோப்பியரே அதிகம் இருப்பதால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் கூடுதலாக வருகிறது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உறவினருக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க அதைச் சோதிக்கவும் கூடாது. அந்த நிலையில் கட்டியின் சாயச் சோதனைதான் துணைக்கு வரும். இழையத் துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

"எவ்வளவு காலம்?" என்று தம்பி ஒரே ஒரு முறை கேட்டான். எந்தச் சோதனையும் அதற்கு விடை தரவில்லை. எஃப்எச் பழுது என்பது கட்டியின் குணத்தைச் சொல்கிறது. எந்தக் கட்டத்தில் பிடித்தோம் என்பதுதான் மீதிக் கதையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தம்பியின் கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது. பரவிய நிலையின் சிகிச்சையை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதில் என் சொல்லுக்கு எடை குறைவு. ஆனால் 2025 இல் வெளியான அமெரிக்க ஆய்வின் எண்கள் என் மனத்தில் பதிந்திருக்கின்றன. பெவசிசுமாப், எர்லொடினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, இந்தப் பரம்பரை நோய் உள்ள 43 பேரில் 31 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பரம்பரை அல்லாத பபிலரி வகை உள்ள 40 பேரில் 14 பேருக்குத்தான். அப்படியென்றால் பரம்பரையா இல்லையா என்று தெரிந்திருப்பது நோயாளிக்கும் உதவுகிறது. அந்த மருந்துகள் இங்கே ஒரு சாதாரண குடும்பத்துக்கு எட்டுமா என்பதை, தேவை வந்தால் அவரவர் புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

தம்பியின் மகனுக்கு இன்னும் மூன்று வயதுதான். அவனுக்கு நேரம் இருக்கிறது. என் மகளுக்கு மாசியில் 9 வயது முடிந்தது. ஆவணி விடுமுறையில் அவளுடைய இரத்தத்தைக் கொடுக்கப்போகிறோம். எதற்கு என்று கேட்டாள். மாமாவுக்கு வந்த வருத்தம் அம்மாவின் உடம்பிலும் எழுதியிருக்கிறது, உன்னிலும் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறோம் என்றேன். "இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் படம் எடுக்கப் போகலாமா?" என்றாள். போகலாம் என்றேன்.