கியர்பாக்ஸை இறக்க விடாமல் காப்பாற்றிய யூவி டை

என் காருக்கு 18 வயது. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் ஆயில் சொட்டு கிடக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் ஈரம். பார்த்த மெக்கானிக், "பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். சீல் என்னவோ கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் சின்ன வளையம்தான், ஆனால் அதை மாற்றக் கிளட்ச் வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சரி, அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று யூவி டை கிட் வாங்கினேன். ஆயிலில் கலந்தால் புற ஊதா ஒளியில் ஒளிரும் டை (சாயம்), புற ஊதா டார்ச், மஞ்சள் கண்ணாடி, அவ்வளவுதான்.

டை ஊற்றுவதற்கு முன் டிகிரீசர் (பிசுக்கு நீக்கும் திரவம்) போட்டு இன்ஜினைக் கழுவியே ஆக வேண்டும். இல்லையென்றால் புது ஆயில் பழைய பிசுக்கில் ஊறிப் பரவி, எல்லா இடமும் ஒளிரும். ஊற்றும்போது வெளியே ஒரு துளி சிந்தினாலும் அதுவும் கசிவு மாதிரியே தெரியும். அதனால் புனல் அவசியம்.

15 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் டார்ச் அடித்தேன். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து பச்சை கலந்த மஞ்சள் கோடு ஒன்று பிளாக்கின் பின்பக்கமாக இறங்கி, இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடான பெல் ஹவுசிங்கில் போய் முடிந்தது. சொட்டியது கீழே, கசிந்தது மேலே! அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

கவரைக் கழற்றினால், அதனடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய், எடுக்கும்போதே ஒடிந்தது. புதியது போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இங்கே பலத்தைக் காட்டினால் கவர் வளைந்து மறுபடி கசியும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் குலுக்கினால், நல்ல வால்வில் கேட்கும் சத்தமே இல்லை, அடைத்திருந்தது. அதை விட்டுவைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது கேஸ்கெட் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். அதையும் மாற்றிவிட்டேன்.

குறை என்றால் டார்ச்தான். வெளிச்சம் போதவில்லை, பகலில் சுத்தமாகப் பயனில்லை. இன்னொன்று, சில பச்சை கூலன்ட்டுகள் டை இல்லாமலே ஒளிரும். ரேடியேட்டர் ஹோஸ் பக்கம் பச்சையாகத் தெரிந்தால் ஆயில் என்று முடிவு கட்டாதீர்கள். மற்றபடி, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மூன்று மாதமாகத் தரையில் சொட்டு இல்லை. போன வாரம் மறுபடி டார்ச் அடித்தபோது ஆயில் பிரஷர் சுவிட்ச் அடியில் மட்டும் மெலிதாக ஒளிர்ந்தது. புது சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த ஆயில் மாற்றத்தோடு அதையும் போட வேண்டும்.