முயல் வளர்க்கிறீர்களா? அந்த ‘முருங்கை விதைத் தூள்’ மூட்டையைச் சலித்துப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது லேபிள் இல்லாத வெள்ளைச் சாக்கில் ‘முருங்கை விதைத் தூள்’ வாங்கியிருந்தால், இன்று சாயங்காலத் தீனியில் அதைக் கலக்காதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் 14 முயல்கள் வைத்திருந்தேன். இப்போது 9. சந்தையில் வேன் போட்டுத் தீனி விற்கிறவர் ஒருவர், “தம்பி, பெல்லட் தீனி விலை ஏறிக்கிட்டே போகுது. இதுல ஒரு கைப்பிடி கலந்து வை. புரதம் அதிகம், குட்டிங்க கொழுகொழுன்னு வரும்” என்றார். 20 கிலோ 38 வெள்ளி (ரிங்கிட்). தூசு பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உடனே வைக்கச் சொன்னார். பிசையும்போது பாதாம் மாதிரி ஒரு வாசனை வந்தது. மனைவிக்கு அது தெரியவே இல்லை. நான் நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய பெட்டை முயல் தலையைப் பின்னால் இழுத்து மூச்சு வாங்கியது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். இருட்டுவதற்குள் ஐந்து போய்விட்டன. மற்றவை கசப்பு பிடிக்காமல் ஒதுக்கியதால் தப்பின.

மறுநாள் மூட்டையைச் சல்லடையில் போட்டேன். பழுப்பு நிறத்தில் கோடும் புள்ளியுமாக ஓட்டுத் துண்டுகள். ரப்பர் கொட்டை! சின்ன வயதில் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்து அலற விடுவோமே, அதே கொட்டை. 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. அந்த வட்டாரத்தில் பிறந்தவனிடமே ரப்பர் கொட்டையை முருங்கை என்று விற்றிருக்கிறார்!

புரதம் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் பச்சைக் கொட்டையில் லினமரின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கிலும் அதேதான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அரைத்து ஈரம் பட்டால் அதிலிருந்து சயனைடு கிளம்பும். நான் முகர்ந்த பாதாம் வாசனை அதுதான்; எல்லோருக்கும் அது தெரியாது. பாட்டி மரவள்ளியைத் திறந்த சட்டியில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டியது இதற்குத்தான். ரப்பர் கொட்டையையும் நாள்கணக்கில் காயவைத்து, அவித்தோ வறுத்தோ எடுத்தால் விஷம் பெருமளவு குறையும். என் சாக்கில் இருந்தது பொறுக்கியவுடன் அரைத்தது போலத்தான் தெரிகிறது.

என் தப்பும் உண்டு. புதுத் தீனியை ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று தெரிந்தும் எல்லாக் கூண்டிலும் ஒரே நாளில் வைத்தேன்.

தீனி விற்றவரிடம் கேட்டதற்கு, “உங்க முயலுக்குச் சூடு பிடிச்சிருக்கும்” என்றார். அப்புறம், “ரசீது இருக்கா?” என்றார். ரசீது இல்லை. ஆனால் ‘சுத்தமான முருங்கை விதை’ என்று அவர் குரலிலேயே அனுப்பிய வாட்ஸ்அப் பதிவு இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். அடுத்த வாரம் போடுகிறேன். கொஞ்சம் தூளைக் கால்நடைத் துறை அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை.

மீதி மூட்டை ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. “அந்தச் சனியனை வாழைக்குப் போடுடா” என்கிறார் அம்மா. கேஸ் முடியட்டும், போடுகிறேன்.