பழைய காந்தத்துக்கு ஹைட்ரஜனா, அமிலமா?

ஹார்ட் டிஸ்க்கிலும் மின்வாகன மோட்டாரிலும் காற்றாலையிலும் இருக்கும் நியோடிமியம் காந்தத்தை மறுசுழற்சி செய்ய, நம்பி இறங்கக்கூடிய வழிகள் இன்றைக்கு இரண்டு. காந்தத்தை அமிலத்தில் கரைத்து, உள்ளே இருக்கும் அருமண் உலோகங்களை (நியோடிமியம், பிரசியோடிமியம் போன்ற தனிமங்களை) ஆக்சைடாக மீட்டு, அதை உலோகமாக்கி, பிறகு காந்தமாக்குவது ஒன்று. ஹைட்ரஜனைக் கொடுத்துக் காந்தத்தைப் பொடியாக உதிரவிட்டு, அந்தப் பொடியையே அழுத்திச் சுட்டுக் காந்தமாக்குவது மற்றொன்று. மெக்னீசியத்தை உருக்கி அதில் நியோடிமியத்தை இழுத்தெடுக்கும் மூன்றாவது வழியும் உண்டு. ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும், முதலீடு போடும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன். என் ஓட்டு ஹைட்ரஜனுக்கு. அது எல்லாக் கழிவுக்கும் பொருந்தாது என்பதையும், எங்கே கவிழும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியை ஒதுக்கிவிடலாம்: சுரங்கம் வேண்டாம், மறுசுழற்சி போதும் என்று சொல்ல முடியுமா? முடியாது. காந்தத் தேவை ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால் 15 ஆண்டுகளில் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். இன்று கழிவாக வருவது 15 ஆண்டுகளுக்கு முன்பு விற்றது. ஒரு கிராம் விடாமல் மீட்டாலும் இன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது. காற்றாலைகள் 20, 25 ஆண்டுகள் ஓடும். அவற்றின் காந்தம் கைக்கு வர இன்னும் தாமதமாகும்.

ஆனால் மறுசுழற்சிக்குச் சுரங்கத்துக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் தாதுவில் உள்ள அருமண் பங்கில் கிட்டத்தட்ட பாதி சீரியம், மூன்றில் ஒரு பங்கு லாந்தனம். காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து ஆறில் ஒரு பங்குதான். ஒரு கிலோ நியோடிமியம் வேண்டுமென்றால் நான்கு கிலோ சீரியத்தையும் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். பழைய காந்தத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அதில் எடைக்கு 30 சதவீதம் அருமண். அதுவும் வேண்டியது மட்டும்.

நெருக்கடி எங்கே என்பதும் இந்த ஒப்பீட்டுக்கு முக்கியம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் கணக்குப்படி 2024இல் உலகம் தோண்டிய அருமண் ஆக்சைடு சுமார் 3,90,000 டன். அதில் சீனா 2,70,000 டன். அதாவது எழுபது சதவீதம். பிரித்துச் சுத்திகரிப்பதிலும் காந்தம் செய்வதிலும் அதன் பங்கு தொண்ணூறை ஒட்டி இருக்கிறது. 2023 டிசம்பரில் பிரிப்புத் தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கத் தடை. 2025 ஏப்ரல் 4இல் காந்தத்தை வெப்பம் தாங்க வைக்கும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம், அவற்றோடு சமாரியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு. முடிச்சு சுரங்கத்தில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் வேதியியலிலும் உலோகவியலிலும் இருக்கிறது. அந்த முடிச்சை அமில வழி மறுபடி சந்தித்தே ஆக வேண்டும். ஹைட்ரஜன் வழி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

அமில வழி

ஒரு கிலோ காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 300 கிராம் அருமண், 670 கிராம் இரும்பு, 10 கிராம் போரான், மிச்சம் சில்லறை. இதை அப்படியே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், அருமண்ணைக் கரைக்கத் தூய கணக்கில் 230 கிராம் அமிலம் போதும். இரும்பைக் கரைக்க 875 கிராம். வாங்கும் அமிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு, யாருக்கும் வேண்டாத இரும்புக்குப் போகிறது. 37 சதவீத அமிலமாக அளந்தால் இரும்புக்கு மட்டும் இரண்டு லிட்டர். பிறகு அந்த இரும்புக் கரைசலை நடுநிலையாக்க அதற்கு ஈடான காரமும் வாங்க வேண்டும்.

அதைத் தவிர்க்கத்தான் முதலில் வறுப்பது. பொடியைக் காற்றில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வறுத்தால் இரும்பு துருவாக இறுகிவிடும். நீர்த்த அமிலம் அருமண்ணை மட்டும் கரைத்துக்கொண்டு வரும். சூடு எல்லை மீறினால் நியோடிமியமும் இரும்பும் சேர்ந்த கூட்டு ஆக்சைடு உருவாகி, அமிலத்துக்கு அசையாமல் உட்கார்ந்துவிடும். மீட்பு அளவு திடீரென்று குறைந்தால் அமிலத்தைக் கூட்டுவதற்கு முன் உலையைப் பார்ப்பது நல்லது.

கரைசல் கிடைத்ததும் ஆக்சாலிக் அமிலம் ஊற்றி அருமண்ணைப் படியவைப்பார்கள். ஒரு கிலோ காந்தத்துக்குக் குறைந்தது 390 கிராம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: கரைசலில் இரும்பு இரண்டாம் இணைதிறன் நிலையில் இருந்தால் அதுவும் மஞ்சளாகக் கூடவே படிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மூன்றாம் நிலைக்கு ஏற்றிவிட்டால் இரும்பு கரைசலிலேயே நின்றுகொள்ளும். படிந்ததைச் சுட்டால் ஆக்சைடு.

ஆக்சைடு கிடைத்ததோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. டிஸ்ப்ரோசியத்தைத் தனியே எடுக்கக் கரைப்பான் திரவத்தால் தனிமங்களைப் பிரிக்கும் தொட்டிகள் வரிசையாக வேண்டும். நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் காந்தத்துக்குச் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்பதால் தாதுவைப் பிரிப்பதைவிட வரிசை சிறியதுதான். அதன்பின் ஃபுளோரைடு உப்பை 1,050 டிகிரியில் உருக்கி, அதில் ஆக்சைடைக் கரைத்து மின்னாற்பகுப்பு. கிராஃபைட் நேர்மின்வாய் எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். ஆக்சைடு போடுவது சற்றுத் தாமதித்தால் கார்பன் ஃபுளோரைடு வாயுக்கள் கிளம்பும். அதற்கப்புறம் உலோகக் கலவை, வார்ப்பு, பொடி என்று காந்தத்தின் பாதை தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

இத்தனை கட்டத்துக்கும் முதலீடு பெரிது. விலை சரிந்தால் முதலில் மூடப்படுவதும் இந்த ஆலைகள்தான். பிரான்சின் லா ரோஷெலில் சோல்வே நிறுவனம் 2012இல் பழைய குழல்விளக்குகளின் உள்ளே ஒளிரும் பூச்சான பாஸ்பர் பொடியிலிருந்து அருமண் மீட்கத் தொடங்கியது. 2011இல் உச்சத்துக்குப் போன விலை சரிந்தது, எல்இடி வந்து குழல்விளக்கையே ஓரங்கட்டியது. 2016இல் அந்தப் பிரிவு மூடப்பட்டது. அதே ஊரில் 2025இல் காந்த அருமண்ணுக்காக மறுபடி வேலை தொடங்கியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் தொழில்நுட்பத்தைவிட நேரம் பார்த்து இறங்குவதுதான் கடினம் போலிருக்கிறது.

ஹைட்ரஜன் வழி

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. செயல் எளிமையானது. காந்தத்தின் படிகத் துகள்களுக்கு இடையே நியோடிமியம் செறிந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். மூடிய கலத்தில், அறை வெப்பத்திலேயே, ஓரிரண்டு மடங்கு காற்றழுத்தத்தில், ஹைட்ரஜன் முதலில் அந்தப் படலத்துக்குள் புகும், பிறகு துகளுக்குள். துகள் கிட்டத்தட்ட 5 சதவீதம் பருமன் கூடும், இடம் போதாமல் காந்தம் தானாகவே வெடித்துப் பொடியாகும். ஒரு கிலோவுக்குச் செலவாகும் ஹைட்ரஜன் சுமார் 4 கிராம். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கலத்தின் அழுத்தமானியே சொல்லிவிடும்: முதலில் அசையாமல் நிற்கும், பிறகு முள் விறுவிறுவென இறங்கும், கலம் தானாகச் சூடேறும். முள் நின்றுவிட்டால் முடிந்தது.

இதில் இரட்டை லாபம். ஹைட்ரஜன் ஏறிய பொடி காந்தத் தன்மையை இழந்துவிடும். எனவே ஹார்ட் டிஸ்க்கின் காந்தத்தை இரும்புத் தகட்டிலிருந்து நெம்பி எடுக்க வேண்டியதில்லை. காந்தம் இருக்கும் மூலையை மட்டும் வெட்டிக் கலத்தில் போட்டுச் சுழற்றினால் பொடி உதிர்ந்து சல்லடை வழியே இறங்கிவிடும், இரும்பும் அலுமினியமும் மேலே நிற்கும். நிக்கல் பூச்சும் பொடியாகாமல் செதில் செதிலாக உரிந்து வரும். இதையே சாதாரண நொறுக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தால் காந்தத் துணுக்குகள் அக்கம்பக்கத்து இரும்பில் அப்பிக்கொண்டு, உருக்காலைக் கசடில் போன இடம் தெரியாமல் போயிருக்கும்.

ஒரு நிபந்தனை: பூச்சு எங்காவது உடைந்திருக்க வேண்டும். முழுமையான நிக்கல் உறைக்குள் ஹைட்ரஜன் எளிதில் நுழையாது. முள் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டியது பூச்சையோ, மேலே படிந்திருக்கும் எபாக்சிப் பசையையோதான். காந்தத்தை ஓரிடத்தில் உடைத்துவிட்டால் போதும்.

எல்லாம் ஆக்சிஜனில் இருக்கிறது

இந்த வழி பிழைப்பதும் சாவதும் ஒரே ஒரு எண்ணில்: பொடியில் எவ்வளவு ஆக்சிஜன். அமில வழிக்கு இது கவலையே இல்லை, எப்படியும் எல்லாம் ஆக்சைடாகப் போகிறது. ஹைட்ரஜன் வழியில் உலோகம் உலோகமாகவே நிற்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் ஆக்சிஜன் ஆறு கிராம் நியோடிமியத்தைப் பிடித்து ஆக்சைடாக்கிவிடும். காந்தத்தின் முக்கியப் படிகத்துக்கே 26.7 சதவீதம் நியோடிமியம் தேவை. மொத்தம் 30.5 சதவீதம் இருக்கிறது என்றால் கையிருப்பு 3.8. சுடும்போது உருகித் துகள்களை ஒட்டவைப்பதும், காந்தப்புலத்தை எதிர்த்து நிற்கும் வலிமையைக் கொடுப்பதும் இந்தக் கையிருப்புதான். பழைய காந்தத்தில் ஏற்கெனவே 0.3 சதவீத ஆக்சிஜன் இருந்தால் 1.8 போயிற்று. மறுசுழற்சியில் இன்னொரு 0.15 ஏறினால் மேலும் 0.9. மிச்சம் 1.1. இந்த நிலையில் 1,050 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் சுட்டாலும் உள்ளே துளைகள் மூடாது. தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தாலே தெரியும்: கன சென்டிமீட்டருக்கு 7.5 கிராம் வர வேண்டிய இடத்தில் 7.2 வரும்.

ஆக்சிஜன் நுழையும் வாசல்கள் நான்கு. துருப்பிடித்த ஓரம், முதலாவது. சாம்பல் நிறத்தில் உதிரும் காந்தத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் உள்ளே விடக்கூடாது. கலத்தில் மிஞ்சிய காற்று: வெற்றிடம், ஆர்கான், மறுபடி வெற்றிடம், அதற்குப் பிறகே ஹைட்ரஜன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் பாதுகாப்புக்கும் இதே வரிசைதான். பொடியை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நேரம் மூன்றாவது; சூடு ஆறாத பொடி காற்றைக் கண்டால் பொறி பறக்கும். கடைசி வாசல்தான் பெரியது: அரைப்பது. ஐந்து மைக்ரான் அளவுக்கு அரைக்கும்போது மேற்பரப்பு பல மடங்காகிறது, அரைக்கும் வாயுவில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் பொடி அதைக் குடித்துவிடும். தேவைக்கு மேல் ஒரு நிமிடம் அரைப்பதும் நஷ்டம்தான்.

பசையும் எண்ணெயும் கார்பனைக் கொண்டுவந்து ஏறக்குறைய இதே கெடுதலைச் செய்யும் என்பதால் வெட்டும் எண்ணெயைக் கழுவி உலர்த்துவது விருப்பத் தேர்வல்ல.

இழப்பை ஈடுகட்டப் புது நியோடிமியத்தை ஹைட்ரைடு (ஹைட்ரஜன் ஏறிய) பொடியாகக் கலப்பார்கள். மேலே சொன்ன 0.9 சதவீதத்துக்குக் கிலோவுக்கு 9 கிராம். கையிழப்புக்குச் சேர்த்து 12, 15 என்று போடுவது வழக்கம். பிறகு வெற்றிடத்தில் மெல்லச் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். படலத்தில் இருப்பது 600 டிகிரியைத் தாண்டினால்தான் முழுதாக வெளியேறும். அவசரப்பட்டால் அழுத்திய கட்டி விரிசல் விடும். இப்படிச் சேர்த்துக்கொண்டே போனாலும் பழைய ஆக்சைடு எங்கும் போவதில்லை, உள்ளேயே தங்கிக் காந்தத்தின் இடத்தை அடைக்கிறது. அதனால் இது முடிவில்லாத சுற்று அல்ல. நான்கு சுற்று வரை தன்மை பெரிதாகக் குறையாமல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆலைக் கழிவில் நான் இரண்டு சுற்றுக்கு மேல் கணக்குப் போட மாட்டேன்.

எங்கே அமிலத்துக்கு வழிவிட வேண்டும்

காந்த ஆலைகளில் அரைத்துத் தேய்க்கும்போது வரும் சகதி, அளவில் கொஞ்சமல்ல. நனைந்து, ஆக்சைடாகி, எண்ணெய் கலந்திருக்கும் அதை ஹைட்ரஜன் தொடவே முடியாது, அமிலத்துக்குத்தான். எரிந்துபோன மோட்டாரின் காந்தமும் அப்படியே.

மின்வாகன மோட்டார் நடுவில் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கிலோ நல்ல காந்தம். ஆனால் புதிய காந்தங்களில் டிஸ்ப்ரோசியத்தையும் டெர்பியத்தையும் துகளின் விளிம்பில் மட்டும் ஊடுருவ வைத்திருப்பார்கள். அரைத்துக் கலந்தால் அந்த ஏற்பாடு குலைந்து, அதே அளவு டிஸ்ப்ரோசியத்துக்குக் குறைந்த வெப்பத் தாங்குதிறன்தான் கிடைக்கும். மறுபடி விளிம்பில் ஊட்டினால் ஓரளவு சரியாகும். டிஸ்ப்ரோசியம் விலையும் உரிமமும் இன்றுள்ள நிலையில், அதைத் தனியே பிரித்தெடுப்பது லாபமாகவும் இருக்கலாம். இந்த ஒரு கழிவில் என் சாய்வு அவ்வளவு உறுதியானதல்ல.

கலப்புக் குவியல் வந்தால் முதலில் தரம் பிரிக்க வேண்டும். கையடக்க எக்ஸ்ரே கருவியை அப்படியே வைத்தால் நிக்கலைத்தான் காட்டும்; பூச்சைச் சுரண்டிய இடத்தில் வையுங்கள். டிஸ்ப்ரோசியம் தெரியும், சமாரியம் கோபால்ட் காந்தம் கலந்திருந்தால் அதுவும் தெரியும். போரானும் ஆக்சிஜனும் அதில் தெரியாது. ஆக்சிஜனுக்கு மாதிரியை மந்த வாயுவில் உருக்கி அளக்கும் சோதனை தனியே வேண்டும். அந்தச் சோதனையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வரும் பெட்டியை அமிலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்; ஹைட்ரைடைக் கொட்டி அதைக் காப்பாற்ற முயன்றால் நல்ல நியோடிமியமும் சேர்ந்தே போகும்.