ஆறில் ஒரு பங்கு விஜயந்தாவும் காரைக்குடி லேத் பட்டறையும்

ரேடியோவால் இயங்கும் பெரிய மாதிரி டாங்கியைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவருக்கு, மோட்டாரும் ரிமோட்டும் இன்று வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. கிடைக்காமல் திண்டாட வைப்பது, சக்கரத்தையும் செயினையும் சொன்ன அளவில் கடைந்து தரும் ஒரு நல்ல லேத் பட்டறைதான். காரைக்குடி செக்காலைப் பக்கம் அப்படி ஒரு பட்டறை இருக்கிறது. என் விஜயந்தா டாங்கியின் ஓடுபாகங்கள் அனைத்தையும் அங்கேதான் செய்து வாங்கினேன். உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. அந்தப் பகுதியில் நெல் அறுவடை வண்டிக்கு வேலை செய்யும் லேத் எது என்று கேட்டால் வழிகாட்டிவிடுவார்கள்.

முதலில் வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் டமியா, சீனாவின் ஹெங் லாங் போன்ற நிறுவனங்களின் டாங்கிகள் பெரும்பாலும் பதினாறில் ஒரு பங்கு அளவில் பெட்டியில் வருபவை, மேசைமேல் வைக்கலாம். நான் எடுத்துக்கொண்டது ஆறில் ஒரு பங்கு. விஜயந்தா என்பது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே நமக்கு வந்து, 1965 முதல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகி, 1971 போரில் களம் கண்ட டாங்கி. எடை சுமார் 39 டன், பீரங்கி 105 மில்லிமீட்டர், உடலின் நீளம் 7.92 மீட்டர், அகலம் 3.17 மீட்டர். இதை ஆறால் வகுத்தால் உடல் 1.32 மீட்டர் நீளமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாகிறது. பீரங்கிக் குழலின் உள்விட்டம் 17.5 மில்லிமீட்டர். தமிழ்நாட்டு மண்ணில் உருவானது என்ற பற்று இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதன் உடலும் சுழல்கோபுரமும் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தவை என்பது. ஷெர்மன், டி-72 போன்றவற்றின் கோபுரங்கள் வார்ப்பு. அந்த வளைவுகளை மாதிரியில் கொண்டுவர அச்சு செய்து வார்க்க வேண்டும். விஜயந்தாவுக்குத் தகடு வெட்டவும், மடிக்கவும், நேராகப் பற்றவைக்கவும் தெரிந்தவர் போதும்.

ஒரு லேத் பட்டறையில் போய் டாங்கி செய்ய வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்து அனுப்பிவிடுவார்கள், அல்லது வேலையைப் புரிந்துகொள்ளாமலேயே ஒப்புக்கொள்வார்கள். இங்கே இரண்டும் நடக்கவில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துப் பார்த்த உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "செயினை எங்கெ இருந்து இறுக்கப் போறீங்க தம்பி?" என்பது. டாங்கியின் சூட்சுமமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஈர வயல்களில் இறங்கும் அறுவடை இயந்திரங்களில் பல, டயர் இல்லாமல் பட்டையின்மேல் ஓடுபவை. விவசாயிகள் அவற்றைச் செயின் வண்டி என்பார்கள். அவற்றின் உருளைகளும் பல்சக்கரங்களும் சேற்றில் தேய்ந்து ஆண்டுதோறும் இந்தப் பட்டறைக்கு வருகின்றன. ஒரு முனையில் இழுக்கும் பல்சக்கரம், மறுமுனையில் சும்மா சுழலும் சக்கரம், நடுவில் எடை தாங்கும் சக்கரங்கள், மேலே பட்டையைத் தாங்கும் சிறு உருளைகள் என்ற அதே அமைப்புதான் விஜயந்தாவிலும் இருக்கிறது; அதில் பல்சக்கரம் பின்னால், சும்மா சுழலும் சக்கரம் முன்னால். எனவே நான் விளக்கத் தொடங்கும் முன்பே அவருக்கு அது தெரிந்திருந்தது. முன்சக்கரத்தின் அச்சை நீள்துளையில் வைத்து, பின்புறமிருந்து ஒரு மரை போல்ட்டால் முன்னே தள்ளி இறுக்கும் ஏற்பாட்டைச் செயின் வண்டியைப் பார்த்தே செய்து கொடுத்தார். இன்றுவரை அதில் கைவைக்கத் தேவை ஏற்படவில்லை.

இந்தப் பட்டறையின் தரத்தை ஒரே வேலையை வைத்து எடைபோடச் சொன்னால், செயின் கண்ணிகளைத்தான் காட்டுவேன். ஒரு பக்கத்துக்கு 90 கண்ணிகள். ஒவ்வொன்றும் வெட்டிய இரும்புப் பட்டையின் இரு விளிம்பிலும் சிறு குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து, அவற்றின் வழியே 4 மில்லிமீட்டர் சில்வர் ஸ்டீல் கம்பியைக் கோத்துச் செய்தது. இதில் எந்தக் கண்ணி அழகாக இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. துளைக்கும் துளைக்கும் இடையிலான தூரம் எல்லாக் கண்ணியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் கூடினால் 90 கண்ணியில் அது 9 மில்லிமீட்டர். வலது செயின் இடது செயினைவிட அவ்வளவு நீண்டுவிடும், பல்சக்கரத்தின் பல் கண்ணியின் இடைவெளியில் அமராமல் விளிம்பில் ஏறும், பாரம் வந்தவுடன் செயின் கழன்று விழும். "மயிரிழை கூடினாக் கடைசியிலெ முழமா வந்து நிக்கும்" என்றார் அவர்.

அவர் அதைச் செய்த முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய்களை முதலில் பற்றவைத்தார். கம்பி போகும் துளையைப் பிறகுதான் சரியான அளவுக்கு இட்டார். பற்றவைக்கும் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால், முன்பே துளையிட்டிருந்தால் அளவு மாறிப்போயிருக்கும். அடுத்து, கனமான இரும்புக் கட்டை ஒன்றில், துளையிடும் கருவியை வழி மாறாமல் பிடிக்கும் புஷ் என்ற குழாய் வளையங்கள் இரண்டைச் சூடேற்றிக் கடினமாக்கி, சரியான இடைவெளியில் பதித்து ஒரு ஜிக் (எல்லாக் கண்ணியையும் ஒரே அளவில் துளையிட உதவும் பிடிமானம்) செய்தார். கண்ணியை அதற்குள் வைத்து, முதல் துளையைப் போட்டதும் அதில் ஒரு முளையைச் செருகிவிடுவார், கண்ணி அசையாது. அந்த முளையை ஆதாரமாக வைத்தே இரண்டாவது துளை. ஒவ்வொரு முறையும் ஜிக்கின் அடியில் தங்கும் இரும்புச் சீவலைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்த பிறகே அடுத்த கண்ணி உள்ளே போனது. உதவிக்கு இருந்த பையன் ஒருமுறை துடைக்காமல் வைத்தபோது, அந்தக் கண்ணியைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டார், அளந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு செயின்களையும் தரையில் நீட்டி வைத்து இழுத்துப் பார்த்தபோது நீள வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது. பேச்சில் எல்லாவற்றையும் நூல் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொல்பவர், மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துவிட்டால் வேறு மனிதராகிவிடுகிறார்.

சக்கரங்களும் அதே ஒழுங்கில் வந்தன. பக்கத்துக்கு ஆறு இடம், இடத்துக்கு இரண்டு சக்கரம் என்று மொத்தம் 24 அலுமினியச் சக்கரங்கள். வெர்னியர் வைத்து எல்லாவற்றையும் அளந்தேன், விட்டத்தில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை. 6001 எண் பேரிங்கை உள்ளே இறக்கும்போது சுத்தியலைத் தொடவே இல்லை. சக்கரத்தைச் சூடேற்றினார், இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் அலுமினியத்தின் வாய் சற்றே அகன்றது, பேரிங் தானாக இறங்கியது, ஆறியதும் பிடித்துக்கொண்டது. அடித்து ஏற்றிய பேரிங் சுற்றும்போது கரகரக்கும். இவை சுற்றும் சத்தமே கேட்கவில்லை.

சஸ்பென்ஷன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரிய மாதிரிகள் பலவும் பொம்மைபோலக் குதித்துக் குதித்து ஓடுவதற்கு இதுவே காரணம். நீளம் ஆறில் ஒன்றாகும்போது எடை 216இல் ஒன்றாகக் குறைய வேண்டும். அப்படிப் பார்த்தால் 39 டன் டாங்கியின் மாதிரி 180 கிலோ இருக்க வேண்டும். என்னுடையது பேட்டரிகளோடு சேர்த்து 80 கிலோவை ஒட்டி நிற்கிறது. விஜயந்தாவில் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கும் கை ஒரு முறுக்குக் கம்பியோடு இணைந்திருக்கும்; பாரம் வந்தால் அந்தக் கம்பி முறுகி ஸ்பிரிங்போல வேலை செய்யும். ஆகவே அசலின் முறுக்குக் கம்பியை அப்படியே ஆறால் வகுத்துச் செய்தால் அது இந்த எடைக்கு அசையவே அசையாது. முறுக்குக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 6 மில்லிமீட்டருக்குப் பதில் 5 மில்லிமீட்டர் கம்பி போட்டால் விறைப்பு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு, பன்னிரண்டு கைகளையும் செய்யத் தொடங்காமல், ஒரே ஒரு கையைச் செய்து இரண்டு கம்பியையும் மாற்றி மாற்றிப் போட்டு, எடைக்கல் தொங்கவிட்டுக் காட்டினார். ஒரு சக்கரத்துக்கு வரும் பாரத்தில் 6 மில்லிமீட்டர் கம்பி ஒரு சென்டிமீட்டர்கூடத் தாழவில்லை. 5 மில்லிமீட்டர் கம்பி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து, பாரத்தை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பியது. மாதிரி ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடும் இந்தப் பழக்கத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தப் பட்டறைக்குப் போகலாம்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடிவதில்லை. தை, மாசியில் அறுவடை தொடங்கிவிட்டால் வயலில் நிற்கும் வண்டியின் தண்டுதான் முதலில் லேத்தில் ஏறும். நம் சக்கரங்கள் மூலையில் சாக்குப் பைக்குள் காத்திருக்கும். ஒரு விவசாயியின் விளைச்சல் மழையில் நனையாமல் இருப்பது என் டாங்கியைவிட முக்கியம் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும். வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு தரும் வழக்கமும் இல்லை. மெல்லிய தகடு பற்றவைப்பது இவர்களுக்குக் கைவந்த வேலை அன்று: 3 மில்லிமீட்டர் அடிப்பகுதி நேராக வந்தது, ஆனால் 2 மில்லிமீட்டர் மேல்தகடு ஆர்க் வெல்டிங் சூட்டில் அலைபோல நெளிந்தது. மேல்தகட்டைப் பிறகு திருகுகளால் பொருத்திக்கொண்டேன். உள்ளே மோட்டாரைப் பார்க்க வேண்டியபோது கழற்ற முடிவதால் அதுவே நல்லதாக இருக்கிறது. கோபுரம் சுழலும் பெரிய பல்வளையத்தையும் இங்கே வெட்ட முடியாது; அதைக் கோயம்புத்தூரில் வெட்டி வாங்கினேன். தகடுகளை லேசரில் வெட்டத் திருச்சிக்குப் போக வேண்டும். பெல் நிறுவனத்தைச் சுற்றித் துவாக்குடிப் பக்கம் வளர்ந்த தொழிற்கூடங்களில் அந்த வசதி இருக்கிறது.

மின்சாரப் பகுதி எளியது. மின்சார சைக்கிளுக்கு வரும் 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் பக்கத்துக்கு ஒன்று, 12 வோல்ட் பேட்டரி இரண்டு, உரிமம் தேவைப்படாத 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், கோபுரத்துக்குக் கார் வைப்பர் மோட்டார். ஆனால் பட்டறைக்காரர் வற்புறுத்திச் சேர்த்த ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். லேத்தில் இருப்பதுபோன்ற சிவப்புக் குமிழ் அவசரச் சுவிட்சை டாங்கியின் பின்தளத்தில் பொருத்தினார். ரிமோட்டின் அலை அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி நான் அமைத்திருந்தேன்; அது போதாது, கையால் அடித்து நிறுத்தவும் ஒரு வழி வேண்டும் என்றார். 80 கிலோ இரும்பு ஒரு குழந்தையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சுவிட்ச் இல்லாத பெரிய மாதிரியை யாரும் தெருவில் இறக்கக் கூடாது.

டாங்கியைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்றவைத்த இரும்புச் செயின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஒரே திருப்பத்தில் கீறிவிடும். டாங்கி திரும்புவது என்பதே இரண்டு செயின்களையும் பக்கவாட்டில் தேய்ப்பதுதான். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிறுத்தி வேலை பார்த்த நாட்களில் அதைக் கட்டைமேல் தூக்கி வைத்திருந்தோம். வெளியில் ஓட்டிப் பார்த்தது ஊருணிக் கரையில். சரளை கலந்த செம்மண், கரையின் சரிவு, வேம்பின் வேர்கள் என்று சோதனைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. நடக்கும் வேகத்தில் கரை ஏறியது. வேரைக் கடக்கும்போது சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து இறங்க, உடல் மட்டும் நிலையாக நகர்ந்தது. கனமான வாகனம் நகரும் அந்த நிதானம் வந்துவிட்டது என்று அப்போதுதான் மனம் நிறைந்தது. சரளைக்கல் ஒன்று பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே சிக்கியபோதும் செயின் கழலவில்லை, கல்தான் நொறுங்கியது. இரண்டு மோட்டார்களும் இறுகிய செம்மண்ணில் டாங்கியை எளிதாகத் திருப்பின; தளர்ந்த மணலில் ஓரிடத்தில் நின்றபடி திரும்பும்போது மட்டும் திணறின.

லேத் வேலைக்கும் பொருளுக்குமாக இந்தப் பட்டறையில் எனக்கு ஆன செலவு ஏறத்தாழ 65,000 ரூபாய். மோட்டார், பேட்டரி, லேசர் வெட்டு, பல்வளையம் ஆகியவை தனி. பெயின்ட் வேலையைப் பக்கத்துத் தெருவில் டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்து டூகோ என்னும் கார் பெயின்ட் அடித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்கள் சித்திரை முதல் ஆடிக்குள் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது. அந்த மாதங்களில் லேத் ஓரளவு ஓய்வாக இருக்கும். வரைபடத்தைச் செய்ய வேண்டிய பாகத்தின் அளவிலேயே அச்சிட்டு, எந்தத் துளை இறுக்கமாக இருக்க வேண்டும், எது தளர்வாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிக் கொடுங்கள். பொருந்த வேண்டிய பேரிங்கையும் மோட்டாரையும் கையோடு கொண்டு போங்கள்; பொருளைக் கையில் வைத்து அளக்காமல் அவர் லேத்தை ஓட்ட மாட்டார். முன்பணமாகப் பொருளின் விலையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். கூலியை வேலை முடிந்து, பாகம் பொருந்துகிறதா என்று நாம் பார்த்த பிறகே கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.