நிறம் மாற்றும்போது ஏர்பிரஷைக் கழுவுதல்: கிண்ணமா, பாட்டிலா, இன்னொரு பிரஷா?

பழைய தசாவதார செட் ஒன்றுக்கு, காற்றழுத்தத்தால் பெயிண்ட்டைப் பீய்ச்சும் பேனா போன்ற ஏர்பிரஷால் மறுபடி வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணரின் உடலுக்கு நீலம் அடித்து முடித்ததும் ஏர்பிரஷின் பெயிண்ட் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு முறை பீய்ச்சினேன். வெளியே வந்த தண்ணீர் தெளிவாக இருந்ததால், பீதாம்பரத்துக்கான மஞ்சளை ஊற்றினேன். இடுப்பிலிருந்து தொடைவரை மஞ்சள் மஞ்சளாகவே விழுந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள மடிப்புகளுக்காக ட்ரிகரைச் சற்று அதிகமாகப் பின்னுக்கு இழுத்தபோது, மூன்று மடிப்புகள் மாம்பிஞ்சுப் பச்சைக்கு மாறிவிட்டன. ட்ரிகரை இழுத்தால் உள்ளே பின்வாங்கிப் பெயிண்ட்டுக்கு வழிவிடும் ஊசி, சற்றே பின்வாங்கும்போது திறக்கும் வழி தெளிவாக இருந்தது. முழுவதும் பின்வாங்கினால் மட்டுமே வெளியே வரக்கூடிய நீலம், பெயிண்ட் வெளியேறும் நுனியான நாசிலுக்குள் அப்படியே தங்கியிருந்தது. அன்றிலிருந்து நிறம் மாற்றும் வழிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன்.

என் வேலை பெரும்பாலும் கொலு பொம்மைகள்தான்: களிமண்ணிலும் காகிதக்கூழிலும் செய்தவை, பண்ருட்டி, விளாச்சேரிப் பக்கம் வாங்கியவை, வீட்டில் இரண்டு தலைமுறையாக இருப்பவை. ஒரு பொம்மைக்கு ஏழெட்டு நிறம் வரும். ஆனால் ஒவ்வொரு நிறமும் சில சொட்டுகள்தான் தேவைப்படும். கார், பைக் டேங்க் போன்ற பெரிய பரப்புகளில் வேலை செய்பவர்களுக்கு என் முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஏர்பிரஷை முழுவதுமாகக் கழற்றிக் கழுவுவது முதல் வழி. சுத்தத்தில் இதை எதுவும் மிஞ்சாது என்பது சொல்லாமலே விளங்கும். பதினைந்து நிமிடம் பிடிக்கும் என்பதும் விளங்கும். அதன் உண்மையான கெடுதல் நேரம் மட்டுமன்று. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, அடியில் பாட்டில் மாட்டும் வகை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாட்டில் தயாராக இருக்கும். ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்டினால் போதும், கழுவும் வேலையே இல்லை என்றுதான் நானும் நினைத்து வாங்கினேன். மாறுவது பாட்டில் மட்டும்தான். பாட்டிலிலிருந்து மேலே ஏறும் குழாய், ஏர்பிரஷின் உடம்புக்குள் இருக்கும் வழி, ஊசியைச் சுற்றிய அறை, நாசில் ஆகிய எல்லா இடங்களிலும் முந்தைய நிறம் நிறைந்தே இருக்கும். ஆகவே இடையில் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை மாட்டி, நிறம் போகும்வரை அடித்தாக வேண்டும். வழி நீளமாக இருப்பதால் தண்ணீரும் அதிகம் செலவாகும். பெயிண்ட்டும் வீணாகும், குழாயின் அடி மூழ்கும் அளவுக்கு ஊற்றினால்தான் உறிஞ்சும் என்பதால், உதட்டுச் சிவப்புக்கு நான்கு சொட்டு போதும் என்ற இடத்தில்கூடப் பல மில்லிலிட்டர் கலக்க வேண்டியிருந்தது. கீழிருந்து மேலே இழுக்கக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும். கிண்ண வகையில் 15 முதல் 20 பிஎஸ்ஐ வைத்து அடித்த அதே பெயிண்ட்டுக்கு, பாட்டில் வகையில் நான் 25-ஐத் தாண்ட நேர்ந்தது. கன்னத்துச் சிவப்பைப் போன்ற மெல்லிய வேலைக்கு அது ஒத்துவரவில்லை. ஐம்பது பொம்மைகளுக்கு ஒரே வெள்ளை அடிப்பூச்சு அடிக்கும் நாளில் மட்டும் பாட்டில்தான் எனக்கு இன்றும் சௌகரியம்.

இனி நான் நிலைத்திருக்கும் வழி: மேலே கிண்ணம் உள்ள ஏர்பிரஷ், கழற்றாமல் கழுவுதல். கிண்ணத்தின் அடியிலேயே ஊசி இருப்பதால் பெயிண்ட் ஒளிந்துகொள்ளும் இடம் குறைவு. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, பிழியும் பாட்டிலால் பாதிக் கிண்ணம் தண்ணீர் விட்டு, பழைய மென்மையான பிரஷால் கிண்ணத்தின் சுவரையும், ஊசி நுழையும் அடிப்பள்ளத்தையும் தேய்க்கிறேன். அந்தத் தண்ணீரை அடித்து வெளியேற்றாமல் கொட்டிவிடுவது முக்கியம். கிண்ணத்தில் இருந்த அழுக்கை நாசில் வழியாக அனுப்புவதால் ஒரு நன்மையும் இல்லை. இரண்டாவது தண்ணீரில்தான் உண்மையான கழுவல் நடக்கிறது. நாசில் மூடியின் வாயை ஈரத்துணி சுற்றிய விரலால் அடைத்து, ட்ரிகரை மெதுவாக அழுத்திப் பின்னுக்கு இழுத்தால், வெளியேற வழியில்லாத காற்று நாசிலுக்குள் திரும்பிக் கிண்ணத்தில் குமிழிகளாக மேலே வரும். தெளிந்திருந்த தண்ணீரில் நீலம் புகைபோல் எழுவதை முதன்முதலில் பார்த்தபோதுதான், என் பீதாம்பரத்தைக் கெடுத்தது எங்கே இருந்தது என்று கண்ணால் கண்டேன். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, கிண்ணத்துக்கு மூடி இருந்தால் மூடிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் பொம்மையின் மேலேயே தெறிக்கும்.

மூன்றாவது கழுவலுக்குச் சில சொட்டு ஏர்பிரஷ் கிளீனர், பிறகு மீண்டும் தண்ணீர். இந்தக் கடைசித் தண்ணீரை வெள்ளை டிஷ்யூவின் மேல், ட்ரிகரை முழுவதும் பின்னுக்கு இழுத்தும் விட்டும் நான்கைந்து முறை அடித்துப் பார்க்கிறேன். டிஷ்யூவில் சாயல் எதுவும் தெரியாமல் போகும்வரை அடுத்த நிறத்தை ஊற்றுவதில்லை. நாசில் மூடியின் உட்புறத்தை ஈரமான பஞ்சுக்குச்சியால் ஒரு சுற்றுத் துடைப்பதையும் மறக்கக்கூடாது. அங்கே திரளும் சொட்டு, நல்ல நேரம் பார்த்துப் பொம்மையின் முகத்தில் விழும். புதிய நிறத்தின் முதல் சில பீய்ச்சல்கள் தண்ணீரோடு கலந்தே வரும் என்பதால் அவற்றைக் காகிதத்துக்குக் கொடுத்துவிடலாம். இவ்வளவும் கை பழகியபின் இரண்டு நிமிடத்துக்குள் அடங்குகிறது. கழுவிய தண்ணீரைக் காற்றில் அடிக்காமல், வாயில் டிஷ்யூ செருகிய பழைய ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் அடித்தால் மூக்குக்கு நல்லது, முகமூடியும் இருக்கட்டும்.

வேகம் இங்கே ஏன் அவசியம் என்றால், அக்ரிலிக் பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரைதான் தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்துவிட்டால் அது பிளாஸ்டிக் தோல். கொலுவுக்கு முந்தைய வாரங்களின் புழுக்கத்தில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும்போது, போன் பேசி முடித்துத் திரும்புவதற்குள் ஊசிமுனையில் தோல் கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுவது வீண்.

இந்த அலசலில் என் முடிவைத் தீர்மானித்தது நேரமும் அன்று, பெயிண்ட் செலவும் அன்று, நாசில்தான். 0.3 மி.மீ. துளை கொண்ட நாசில் ஓர் அரிசியளவுகூட இருக்காது. பல ஏர்பிரஷ்களில் அது மெல்லிய மரையால் உடம்பில் திருகப்பட்டிருக்கும். கழற்றுவதற்கென்றே சிறு ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கழற்றி மாட்டினால், ஒரு நாளில் பத்துத் தடவை அந்த மரைக்கு வேலை. என்றாவது ஒருநாள் கை சற்று அதிகமாக இறுக்கிவிடும். அடுத்த முறை கழற்றும்போது தலை கையோடு வந்துவிடும், மரை உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். எனக்கு நேர்ந்தது இதுதான். உடம்புக்குள் சிக்கிய துண்டை எடுக்க முடியாமல், ஏர்பிரஷையே ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று.

மரை பிழைத்தாலும் ஊசி இருக்கிறது. நாசிலை மாட்டியபின் ஊசியைச் செருகும்போது கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் நாசிலின் வாய் விரிந்துவிடும், சில சமயம் நுண்ணிய வெடிப்பு விழும். அதன் அடையாளம், அடிக்கும்போதே கிண்ணத்தில் தானாகக் குமிழி வருவது. கூடவே பெயிண்ட் சீராக வராமல் துப்பித் துப்பி வரும். நாசில் சரியாக உட்காராவிட்டாலும் இதே குமிழி வரும் என்பதால், வெடிப்பு என்று உடனே முடிவுகட்டிப் புதிது வாங்கிவிட வேண்டாம். ஊசிமுனை வளைந்தால் பீய்ச்சல் ஒரு பக்கமாகச் சாயும். மாற்று ஊசியும் நாசிலும் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பவை அல்ல; நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு அது உடைந்தால், கூரியருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கழற்றாமல் கழுவும் வழியில் நாசிலைத் தொடவே வேண்டாம். அவசியமென்றால் பின்கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசியை மட்டும் உருவி, பின்னிருந்து முனைநோக்கிச் சுழற்றித் துடைத்து, தட்டுப்படும் இடம்வரை மட்டும் மெதுவாகத் திரும்ப வைக்கலாம். கழுவுவதற்கு முன் உருவக்கூடாது. ஊசியில் ஒட்டிய பெயிண்ட் ட்ரிகர் அறைக்குள் இழுபட்டுப் போய், அங்கே காய்ந்து ட்ரிகரை இறுக்கிவிடும்.

மரையில்லாமல் செருகி வைக்கும் நாசில் உள்ளவற்றுக்கு இந்தப் பயம் பாதியாகக் குறையும். இவாட்டாவின் எக்ளிப்ஸ் வரிசையும், ஜெர்மனியின் ஹார்டர் ஸ்டீன்பெக் ஏர்பிரஷ்களும் அப்படிப்பட்டவை. அவற்றை வைத்திருப்பவர்கள் நடுவில் ஒருமுறை கழற்றிக் கழுவுவதை நான் தடுக்கமாட்டேன். அந்த வகையை ஒரு நண்பரிடம் சில நாட்கள் மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினேன். பல வருட உழைப்புக்குப் பிறகு எப்படி என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கழுவலையே குறைக்கும் ஒரு பழக்கமும் உண்டு. பொம்மை பொம்மையாக முடிக்காமல், செட் முழுவதற்கும் நிறம் நிறமாக அடிப்பது: முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், சருமநிறம், சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் கறுப்பு. வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போகும்போது ஒரு தண்ணீரும் ஒரு குமிழியும் போதும். நான் பச்சையாக்கிய பீதாம்பரம் இந்த வரிசையை மீறியதன் விளைவுதான்.

தங்கநிறத்துக்கு மட்டும் இரண்டாவது ஏர்பிரஷை வைத்துக்கொள்ளும் வழியை முழுமனதோடு ஏற்கிறேன். தங்கத்தில் இருப்பது கரைந்த சாயம் அன்று, நுண்ணிய செதில்கள். நான்கு முறை கழுவியபின்னும் ஒன்றிரண்டு அடுத்த நிறத்தில் மினுங்கும். கிரீடத்துக்கும் ஆபரணத்துக்கும் 0.5 மி.மீ. நாசில் கொண்ட விலை குறைந்த ஒன்றை ஒதுக்கிவிட்டேன். செதில் அடைக்கும் தொல்லையும் அதில் குறைவு. ஆனால் மற்ற நிறங்களுக்கும் ஆளுக்கொரு பிரஷ் என்று வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாலையில் கழுவ வேண்டியவை அத்தனை, காய்ந்துபோகக் காத்திருப்பவையும் அத்தனை.

கழுவும் திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எல்லா அக்ரிலிக்குக்கும் முதல் கழுவலாக ஊற்றக்கூடாது. தமியா நிறுவனத்தின் அக்ரிலிக்குகளைப் போன்றவை அதை ஏற்கும். தண்ணீரை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட சிலவற்றிலோ, ஆல்கஹால் பட்டதும் பால் திரிவதுபோல் பெயிண்ட் திரிந்து நாசிலை அடைத்துவிடும். முதலில் தண்ணீர், நிறம் போனபின் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும். அசிட்டோன், கடுமையான தின்னர் ஆகியவை ஏர்பிரஷுக்குள் இருக்கும் சாதாரண ரப்பர் வளையங்களை உப்பவைக்கும்.

முழுவதும் கழற்றுவதை நாளின் இறுதிக்கு ஒரே ஒரு முறை வைத்திருக்கிறேன். மேசைமேல் வெள்ளைத் துண்டு விரித்து, நாசில் உருண்டு ஓடாமல் சிறு கிண்ணத்தில் போட்டு, கிளீனரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பல்லிடுக்குப் பிரஷால் உடம்பின் வழியைத் துடைக்கிறேன். அம்மோனியா கலந்த கிளீனரென்றால் பித்தளைப் பாகங்களை இரவு முழுவதும் ஊறப்போடுவதில்லை. நாசிலைத் திரும்ப மாட்டும்போது ஸ்பேனரை எடுப்பது கடைசிக் கால் திருப்புக்கு மட்டும்தான். அதுவரை விரல் நுனியே திருகுகிறது.