லூயிஸ்டனில் எத்தனை பேர்? எல்லைக்கொரு கணக்கு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள லூயிஸ்டனின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி 34,203. அதே கணக்கெடுப்பில் லூயிஸ்டன் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 64,375. இரண்டுமே சரியான எண்கள்தாம். எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நகராட்சி எல்லைக் கணக்கின் வலிமை அதன் தெளிவு. யார் வாக்களிக்கிறார், யார் நகர வரி கட்டுகிறார் என்பதை அது ஐயமின்றிச் சொல்லிவிடும். ஆனால் ஸ்நேக் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க்ஸ்டன் வந்துவிடுகிறது. அங்குள்ள 7,161 பேரும் இதே பள்ளத்தாக்கின் கடைகளையும் வேலைகளையும் நம்பி வாழ்பவர்கள். கிளார்க்ஸ்டனை ஒட்டி மேட்டில் பரவியிருக்கும் குடியிருப்புகளுக்கோ நகராட்சியே கிடையாது என்பதால், அங்கு வாழ்வோர் எந்த நகரத்தின் கணக்கிலும் வருவதில்லை.

பெருநகரக் கணக்கு இந்தக் குறையைத் தீர்க்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஐடஹோவின் நெஸ் பெர்ஸ் கவுண்டியும் (42,090) வாஷிங்டனின் அசோட்டின் கவுண்டியும் (22,285) அதில் ஒன்றாகின்றன. ஐடஹோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராகவே நிற்க, 2024இல் வாஷிங்டனில் அது 16.28 டாலராக இருந்தது. ஐடஹோ சம்பளத்துக்கு வருமான வரி வாங்குகிறது, வாஷிங்டன் வாங்குவதில்லை. ஆற்றின் எந்தக் கரையில் குடியிருப்பது, எந்தக் கரையில் வேலை பார்ப்பது என்று குடும்பங்கள் கணக்குப் போடும் இடத்தில், ஒரு கரையை மட்டும் எண்ணுவதில் பொருளில்லை. ஆனால் கவுண்டியைத் துண்டாக்காமல் முழுதாகச் சேர்க்க வேண்டும் என்ற விதியால், கோதுமை வயல்களும் அனட்டோன் போன்ற சிற்றூர்களும்கூடப் ‘பெருநகரம்’ ஆகிவிடுகின்றன. (ஊர்ப் பலகையில் மனிதரோடு நாய், பூனை, குதிரை எண்ணிக்கையையும் எழுதிவைத்துப் பெயர் பெற்ற ஊர் அனட்டோன்.)

தொடர்ச்சியாகக் கட்டடங்கள் நிறைந்த பரப்பை மட்டும் எண்ணும் நகரப்பரப்புக் கணக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது 50,000ஐ எட்டினால்தான் பெருநகரப் பகுதி என்ற தகுதியே கிடைக்கும். இந்த வரம்பை 1,00,000 ஆக உயர்த்தும் முன்மொழிவு 2021இல் கைவிடப்படாதிருந்தால், லூயிஸ்டன் உட்பட 144 பகுதிகள் அத்தகுதியை இழந்திருக்கும்.

வேலையையும் போக்குவரத்தையும் அறிய எனது தேர்வு பெருநகரக் கணக்குதான். ஆனால் சமூகங்களை அறிய வேண்டுமென்றால் அதுவே தடுமாறுகிறது. இப்பகுதியின் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் தங்களை நிமீபூ என்கின்றனர். அமெரிக்க அரசுடனான 1855 உடன்படிக்கை அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு 1863 உடன்படிக்கையால் பறிபோனது. எஞ்சிய ஒதுக்கீட்டு நிலத்திலும், 1887ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளியார் குடியேறினர். இரண்டு மாநிலங்களைச் சேர்த்துவைக்கும் பெருநகர எல்லை, பல கவுண்டிகளில் கிடக்கும் இந்த ஒதுக்கீட்டு நிலத்தைப் பிரித்துவிடுகிறது: பழங்குடி அரசின் தலைமையிடமான லாப்வாய் உள்ளே இருக்கிறது, அதே ஒதுக்கீட்டு நிலத்தின் கிழக்குப் பக்கத்து ஊரான காமியை (Kamiah) வேறு கவுண்டியில் இருப்பதால் வெளியே நிற்கிறது. காமியையில் வாழும் ஒரு நிமீபூ குடும்பம் 64,375இல் இல்லை. லாப்வாயில் இருக்கும் அதன் உறவினர்கள் அதில் உண்டு.